பாக்கார்ட் ஆலையின் புகைப்படம்: டெட்ராய்ட்டின் சரிவும் அதை எழுதிய ஊடகமும்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கார்த் தொழிலுக்குப் பேர்போன டெட்ராய்ட் நகரின் கிழக்குப் பகுதியில், கிராண்ட் பூல்வார்ட் சாலைக்கு மேலே, இருபக்கத்துக் கட்டடங்களையும் இணைத்தபடி ஒரு பாலம் 2019 ஜனவரி வரை நின்றுகொண்டிருந்தது. பாக்கார்ட் கார் ஆலையின் பாலம் அது. 2009-இல் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் திவால் நீதிமன்றத்துக்குப் போனபோதும், 2013-இல் மாநகராட்சியே திவாலானபோதும், செய்தியுடன் வெளியான படங்களில் இந்த ஆலை திரும்பத் திரும்ப வந்தது. 2015-இல், பாலம் ஒருகாலத்தில் எப்படி இருந்ததோ அந்தத் தோற்றத்தையே அச்சிட்ட பெரிய வினைல் பேனர் ஒன்றை அதன்மேல் போர்த்தினார்கள். நான்காண்டுகள் கழித்து, குளிர்கால மதியம் ஒன்றில், பாலம் சாலையில் விழுந்தது. அந்தச் செய்திக்கும் உலகம் முழுவதும் இடம் கிடைத்தது.

அந்த ஆலையில் கார் உற்பத்தி 1950-களின் நடுவிலேயே நின்றுவிட்டது என்பதைப் படத்தின் கீழே எழுதியவர்கள் மிகக் குறைவு. 1903-இல் தொடங்கி, ஆல்பர்ட் கான் என்ற கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில் வளர்ந்து, சுமார் 35 லட்சம் சதுர அடி வரை விரிந்த அந்த வளாகம், பாக்கார்ட் நிறுவனம் போன பிறகும் ஆளில்லாமல் கிடக்கவில்லை. சிறு தொழில்கள், கிடங்குகள், பட்டறைகள் என்று நாற்பது ஆண்டுகளுக்கு வாடகைக்கு ஓடியது. 1990-களின் இறுதியில் வரி பாக்கியும் உரிமைத் தகராறும் முற்றி, குடியிருந்த தொழில்களில் பெரும்பாலானவை வெளியேற்றப்பட்ட பிறகுதான் உலோகத் திருடர்கள் உள்ளே புகுந்தார்கள். செம்புக் கம்பி போயிற்று, இரும்பு போயிற்று, கடைசியில் ஜன்னல் சட்டமும் போயிற்று. ஆக, படத்தில் நாம் பார்க்கும் உடைசலில் பெரும்பங்கு, தீராமல் இழுத்த ஒரு சொத்து வழக்கின் விளைவு. 2009-இன் கார்த் தொழில் நெருக்கடிக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. படம் பொய் சொல்லவில்லை. ஆனால் அது எந்த ஆண்டின் செய்தி என்று யாரும் கேட்கவில்லை.

இந்த ஆய்வு எடுத்துக்கொள்வது அந்தக் கேள்வியைத்தான். ஒரு தொழில் நகரம் எழுபது ஆண்டுகளாகத் தேய்ந்துகொண்டே வந்தபோது, அதை எழுதிய இதழ்களும் தொலைக்காட்சிகளும் எந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டன, எதைத் தவறவிட்டன, எங்கே உண்மையிலேயே கண்டுபிடித்தன என்பதைப் பார்க்க வேண்டும். ‘நிகழ்வு ஆய்வு’ என்று இதற்குப் பெயர் வைப்பதிலேயே ஒரு சிக்கல் உண்டு. டெட்ராய்ட்டின் சரிவில் நிகழ்வு என்று சுட்டிக்காட்டக் கூடியவை நாலைந்துதான். மீதியெல்லாம் கணக்குப் புத்தகத்தில் மெதுவாக நடந்தவை. ஊடகம் முதலாவதை எழுதப் பழகியது. இரண்டாவதை எழுத அதற்கு வெகுகாலம் பிடித்தது.

தேதி இல்லாத தொடக்கம்

1950 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் டெட்ராய்ட்டில் 18,49,568 பேர் இருந்தார்கள். 1960-இல் அது 16,70,144 ஆகியிருந்தது. அதாவது கலவரம் என்றும் கிளர்ச்சி என்றும் இருவிதமாகச் சொல்லப்படும் 1967-க்கு ஏழு ஆண்டுகள் முன்பே, ஏறத்தாழ 1,80,000 பேர் கணக்கில் குறைந்துவிட்டார்கள். 1947-க்கும் 1963-க்கும் இடையில் நகரம் 1,34,000 ஆலை வேலைகளை இழந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பின் மூன்று பெரிய கார் நிறுவனங்களும் பெருநகரப் பகுதியில் 25 புதிய ஆலைகளைக் கட்டின. அவற்றில் ஒன்றுகூட நகர எல்லைக்குள் இல்லை. கூட்டரசின் வீட்டுக்கடன் உத்தரவாதம் வெள்ளையர்களின் புறநகரங்களுக்குப் போயிற்று. 1941-இல், கறுப்பினத்தவர் குடியிருப்பை ஒட்டி வெள்ளையர்களுக்கான மனைப்பிரிவு ஒன்றுக்குக் கடன் உத்தரவாதம் பெறுவதற்காகவே, அரை மைல் நீளத்துக்கு ஆறடி உயரக் கான்கிரீட் சுவர் எழுப்பப்பட்டது. அந்தச் சுவர் இன்றும் பெர்வுட் தெருவுக்குப் பின்னால் நிற்கிறது. ஒரு பகுதியில் இப்போது ஓவியம் தீட்டியிருக்கிறார்கள். கறுப்பினத்தவரின் கடைத்தெருவாக இருந்த ஹேஸ்டிங்ஸ் தெருவும் பிளாக் பாட்டம் குடியிருப்பும் நெடுஞ்சாலைக்காகவும் ‘குடிசை மாற்று’ திட்டத்துக்காகவும் 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் தரைமட்டமாயின.

இவை ஒவ்வொன்றும் எழுதப்படாமல் போகவில்லை. ஆனால் செய்தியறையின் இயல்பு இங்கே குறுக்கே நின்றது. புதிய ஆலை திறப்பது செய்தி. அங்கே ரிப்பன் வெட்டுவதற்கு ஆள் உண்டு, படம் எடுப்பதற்கு நேரம் உண்டு. பழைய ஆலையில் ஒரு ஷிப்ட் குறைவதற்கு விழா கிடையாது. அன்றைய டெட்ராய்ட்டில் கறுப்பினத்தவரின் வீட்டுவசதிப் பிரச்சினையையும் காவல்துறையின் நடத்தையையும் தொடர்ந்து எழுதிவந்தது 1936-இல் தொடங்கிய ‘மிச்சிகன் க்ரானிக்கிள்’ என்ற கறுப்பினத்தவரின் வார இதழ். அதைப் படித்தவர்களுக்கு 1967 திடீரென்று வந்ததாகத் தோன்றியிருக்காது.

1967: புகையும் எண்ணும்

1967 ஜூலை 23, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், 12-ஆம் தெருவில் உரிமம் இல்லாமல் நடந்த ஒரு மதுக்கூடத்தில் காவல்துறை சோதனை நடத்தியது. அங்கிருந்து தொடங்கியது ஐந்து நாள் நீடித்தது. 43 பேர் இறந்தார்கள். அவர்களில் 33 பேர் கறுப்பினத்தவர். ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். முதல் சில மணி நேரம், நகரத் தலைவர்களின் வேண்டுகோளுக்கு இணங்கி, உள்ளூர் வானொலியும் தொலைக்காட்சியும் செய்தியை அடக்கி வைத்திருந்தன. அன்று மதியம் டைகர் விளையாட்டரங்கில் நியூயார்க் யாங்கீஸ் அணியுடன் பேஸ்பால் ஆட்டம். மைதானத்தின் இடப்புறச் சுவருக்கு அப்பால் புகை எழுவது பார்வையாளர்களுக்குத் தெரிந்தது. வர்ணனையாளர்களுக்கோ, அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று அணி நிர்வாகம் சொல்லியிருந்தது. கண்ணுக்கு எதிரே புகை. காதில் வெறும் ஆட்ட வர்ணனை. அந்த நகரத்தின் ஊடக வரலாற்றில் இதைவிடத் தெளிவான ஒரு காட்சியை நான் அறியேன்.

அடக்கி வைத்தது ஒரு பக்கம் என்றால், ஊதிப் பெருக்கியது மறுபக்கம். சேத மதிப்பு 20 கோடி டாலரிலிருந்து 50 கோடி டாலர் வரை என்று நாளிதழ்கள் எழுதின. கலவரங்களை ஆராய அதிபர் ஜான்சன் அமைத்த கெர்னர் ஆணையம் 1968-இல் அறிக்கை கொடுத்தபோது, அதற்குக் கிடைத்த அதிகபட்ச மதிப்பீடே 4.5 கோடி டாலர்தான். ஊடகத்துக்கென்றே ஒரு தனி அத்தியாயம் ஒதுக்கிய அந்த அறிக்கை, பத்திரிகைகள் திட்டமிட்டுப் பரபரப்பைத் தூண்டியதாகச் சொல்லவில்லை. ஆனால் நிகழ்வின் அளவை மிகைப்படுத்தின, அதன் காரணங்களை எழுதத் தவறின என்று சொன்னது. அமெரிக்கச் செய்தி ஆசிரியர் குழுக்களில் கறுப்பினத்தவர் 5 சதவீதத்துக்கும் குறைவு என்பதையும், வெள்ளையர்களின் உலகத்துக்குள் இருந்தபடியே வெளியே எட்டிப் பார்க்கும் பார்வை அது என்பதையும் ஆணையம் நேரடியாகவே எழுதியது.

இதே நேரத்தில், இதே நகரத்தில், இதற்கு நேர்மாறான வேலை ஒன்றும் நடந்தது. ‘டெட்ராய்ட் ஃப்ரீ பிரஸ்’ நாளிதழ் இறந்த 43 பேரில் ஒவ்வொருவரின் மரணத்தையும் தனித்தனியே விசாரித்து, பெரும்பாலானவை நேர்ந்திருக்கவே தேவையில்லாதவை என்று காட்டியது. அதற்கும் அடுத்த படியாக, ஃபிலிப் மேயர் என்ற செய்தியாளர், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சமூக ஆய்வு நிறுவனத்தின் துணையுடன், கலவரப் பகுதிகளில் வசித்த கறுப்பினத்தவரிடம் முறையான மாதிரிக் கணக்கெடுப்பு நடத்தினார். அன்று செய்தித்தாள்களிலும் தொலைக்காட்சியிலும் இரண்டு விளக்கங்கள் அடிபட்டுக்கொண்டிருந்தன. படிப்பும் வேலையும் இல்லாத அடித்தட்டினரே தெருவில் இறங்கினார்கள் என்பது ஒன்று. தெற்கு மாநிலங்களிலிருந்து வந்து நகர வாழ்க்கைக்குப் பழகாதவர்களின் கோபம் இது என்பது மற்றொன்று. கணக்கெடுப்பு இரண்டையும் கவிழ்த்தது. கல்லூரி போனவர்களும் பள்ளியை இடையில் விட்டவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் பங்கெடுத்திருந்தார்கள். தெற்கில் வளர்ந்தவர்களைவிட வடக்கில் வளர்ந்தவர்களே அதிகமாகப் பங்கெடுத்திருந்தார்கள். ஊரையே அறியாதவர்கள் என்று எழுதப்பட்டவர்கள், ஊரை நன்றாக அறிந்தவர்களாக இருந்தார்கள். அமெரிக்க இதழியலின் உயரிய விருதான புலிட்சர் பரிசு 1968-இல் ஃப்ரீ பிரஸுக்குக் கிடைத்தது. பின்னாளில் தரவு இதழியல் என்று பேர் பெற்ற முறைக்கு இந்தக் கணக்கெடுப்பைத்தான் தொடக்கம் என்பார்கள்.

அடுத்து நடந்தது அவ்வளவு பேசப்படுவதில்லை. 1967 நவம்பரில் தொடங்கிய வேலைநிறுத்தத்தால் நகரின் இரண்டு பெரிய நாளிதழ்களும் 267 நாள்கள் வெளிவரவில்லை. ஒரு நகரம் தன் வரலாற்றிலேயே மிக அதிகமாகத் தன்னைப் பற்றிப் பேசிக்கொள்ள வேண்டியிருந்த ஒன்பது மாதங்களில், பேசுவதற்கு முதல் பக்கம் இல்லை. அந்த வெற்றிடத்தில் வதந்தி புகுந்தது. புறநகர்க்காரர்கள் நகரத்தைப் பற்றிக் கொண்ட பயத்தில் ஒரு பங்கு, யாரும் அச்சிடாத செய்திகளால் வளர்ந்தது.

1970-களும் 80-களும் பட்டப்பெயர்களின் காலம். 1974-இல் 714 கொலைகள் நடந்தன. ‘கொலை நகரம்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. நகரின் முதல் கறுப்பின மேயரான கோல்மன் யங், 1974-இலிருந்து 1994 வரை அந்தப் பெயரோடும் அதை எழுதியவர்களோடும் மல்லுக்கட்டினார். 1984-இல் ஹாலோவீன் பண்டிகைக்கு முந்திய இரவை ஒட்டி எண்ணூறுக்கும் மேற்பட்ட தீ வைப்புகள் பதிவாயின. அதன்பின் ஒவ்வோர் அக்டோபர் இறுதியிலும் தீயைப் படம்பிடிப்பதற்காகவே வெளியூர்க் கேமராக்கள் வந்து இறங்கின. 1995 முதல் பல்லாயிரம் குடியிருப்பாளர்கள் டார்ச் விளக்குடன் இரவு முழுதும் தெருத்தெருவாகக் காவல் சுற்றி அதைக் கட்டுப்படுத்தியபோது கேமராக்கள் அந்த அளவுக்கு வரவில்லை. எரியாத வீட்டைப் படம் எடுத்து என்ன செய்வது?

தேய்ந்துகொண்டே தேய்வை எழுதியவர்கள்

வெளியூர் விமர்சகர்கள் பொதுவாக மறந்துவிடும் ஒன்று உண்டு. டெட்ராய்ட்டின் நாளிதழ்களும் அந்த நகரத்தின் தொழில்களில் ஒன்றே. ஆலைகளுக்கு நேர்ந்தது அச்சகங்களுக்கும் நேர்ந்தது. 1989-இல் ஃப்ரீ பிரஸும் ‘டெட்ராய்ட் நியூஸ்’ நாளிதழும் ஆசிரியர் குழுக்களைத் தனியே வைத்துக்கொண்டு, விளம்பரம், அச்சு, விநியோகம் ஆகியவற்றைக் கூட்டாக நடத்தும் ஒப்பந்தத்துக்கு வந்தன. 1995 ஜூலையில் சுமார் 2,500 ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தொழிற்சங்கத்தின் கோட்டை என்று சொல்லப்பட்ட ஊரில், சங்கத்துக்காரர்கள் வீட்டு வாசலில் செய்தித்தாள் போடுவதை நிறுத்தச் சொன்னார்கள்; வாசகர்கள் பெருமளவில் நிறுத்தினார்கள்; திரும்பி வராதவர்களும் ஏராளம். 2009 மார்ச் இறுதியில் இரண்டு நாளிதழ்களும் வாரத்தின் பெரும்பாலான நாள்களில் வீட்டு விநியோகத்தைக் கைவிட்டன. அதற்கு மூன்று வாரங்கள் கழித்து ஃப்ரீ பிரஸுக்கு மீண்டும் ஒரு புலிட்சர் கிடைத்தது.

அந்தப் பரிசு மேயர் குவாமி கில்பாட்ரிக்கின் கைபேசிக் குறுஞ்செய்திகளை வெளிக்கொண்டு வந்ததற்காக. 2008 ஜனவரியில் ஃப்ரீ பிரஸ் சுமார் 14,000 குறுஞ்செய்திகளைப் பெற்று ஆராய்ந்து, மேயர் தன் காதல் உறவைப் பற்றி நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சொன்னது பொய் என்றும், 84 லட்சம் டாலர் மக்கள் பணத்தில் ஒரு வழக்கு இரகசியமாக முடிக்கப்பட்டது என்றும் நிறுவியது. மேயர் அந்த ஆண்டு செப்டம்பரில் பதவி விலகினார். பின்னர் கூட்டரசு நீதிமன்றம் ஊழல் வழக்கில் 28 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. 2021-இல் அதிபர் டிரம்ப் தண்டனையைக் குறைத்து விடுவித்தார். உள்ளூர் இதழியல் எதற்காக வேண்டும் என்று கேட்பவருக்குக் காட்டத் தகுந்த வேலை இது.

ஆனாலும் அதே மேயரின் காலத்தில் நடந்த வேறொன்றை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 2005-இல் மாநகராட்சி ஓய்வூதிய நிதியின் பற்றாக்குறையை அடைக்க 144 கோடி டாலர் கடன் பத்திரங்களை வெளியிட்டு, அவற்றோடு வட்டி விகித மாற்று ஒப்பந்தங்களையும் (நிலையான வட்டியை மாநகராட்சி கட்ட, மாறும் வட்டியை வங்கி கட்டும் ஏற்பாடு) வங்கிகளுடன் செய்துகொண்டது. கடன் பத்திரச் சந்தைக்கான ஒரு தொழில் நாளேடு அந்த ஏற்பாட்டுக்கு அமெரிக்க மத்தியமேற்குப் பகுதியின் சிறந்த ஒப்பந்தம் என்று விருதே கொடுத்தது. 2008-க்குப் பின் வட்டி விகிதம் அடிமட்டத்துக்குப் போனபோது ஒப்பந்தம் மாநகராட்சிக்கு எதிராகத் திரும்பியது. 2009-இல் சூதாட்ட விடுதிகளிலிருந்து வரும் வரியையே அடகு வைக்க வேண்டியதாயிற்று. காதல் குறுஞ்செய்தியில் கதாநாயகன் உண்டு, பொய் உண்டு, வெட்கம் உண்டு. வட்டி மாற்று ஒப்பந்தத்தில் ஒரு வரி வாசிப்பதற்குள் கொட்டாவி வரும். இரண்டில் எது நகரத்துக்கு அதிகம் செலவு வைத்தது என்பதில் ஐயமில்லை.

வீடு வாங்கி எழுதிய ஓராண்டு

2009-இல் ‘டைம்’ இதழை நடத்தும் நிறுவனம் டெட்ராய்ட்டில் 99,000 டாலருக்கு ஒரு வீடு வாங்கி, அதில் செய்தியாளர்களைத் தங்கவைத்து, ஓராண்டு முழுக்க நகரத்தைப் பற்றி எழுதப்போவதாக அறிவித்தது. அன்றைய அமெரிக்க இதழியலில் அது அபூர்வமான முதலீடு. அங்கேயே தங்கியவர்கள் பள்ளிகளையும் தேவாலயங்களையும் சிறு கடைகளையும் எழுதவும் செய்தார்கள். ஆனால் வந்து போன நூற்றுக்கணக்கானவர்களிடம் அந்தப் பொறுமை இல்லை. விமான நிலையத்திலிருந்து நேரே மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையம், அங்கிருந்து பாக்கார்ட் ஆலை, மாலையில் யாரோ ஒரு நகர்ப்புற விவசாயியுடன் பேட்டி என்று அவர்களுக்கு ஒரு சுற்றுப்பாதையே உருவாகிவிட்டது. இடிபாட்டைக் காமக் கண்ணோடு பார்க்கும் இந்தப் படங்களுக்கு ‘ரூயின் போர்ன்’ என்ற ஏளனப் பெயர் 2009 வாக்கில் டெட்ராய்ட்வாசிகளின் வாயிலிருந்துதான் பரவியது. கேட்டவர்களின் புகார் எளிமையானது. இந்தப் படங்களில் ஆள் இல்லை. ஏழு லட்சம் பேர் வாழும் ஊரை ஆளில்லாமல் படம் எடுப்பதற்கு, காத்திருந்து, கோணம் பார்த்து, ஆள் நகர்ந்த பிறகு பொத்தானை அழுத்த வேண்டும்.

எண்களுக்கும் இதே கதி நேர்ந்தது. 2011-இல் டெட்ராய்ட்டின் வயதுவந்தோரில் 47 சதவீதம் பேருக்கு நடைமுறை எழுத்தறிவு இல்லை என்ற செய்தி உலகைச் சுற்றி வந்தது. அப்போது வெளியான ஓர் அறிக்கை அந்த எண்ணை எடுத்தாண்டிருந்தது என்னவோ உண்மை. ஆனால் எண்ணின் வேர் 1990-களின் தொடக்கத்தில் நடந்த ஒரு தேசியக் கணக்கெடுப்பை வைத்துச் செய்த மதிப்பீடு. இருபது ஆண்டுப் பழைய எண், இன்று காலை எடுத்ததுபோல் தலைப்பில் ஏறியது. பாக்கார்ட் படத்துக்கு நேர்ந்ததும் இதுதான்.

இன்னொரு குழப்பம் பெயரிலேயே இருந்தது. அமெரிக்க இதழ்களுக்கு ‘டெட்ராய்ட்’ என்றால் கார்த் தொழில். 2008 நவம்பரில் ‘டெட்ராய்ட் திவாலாகட்டும்’ என்று நியூயார்க் டைம்ஸில் வந்த கட்டுரையின் தலைப்பு சுட்டியது கார் நிறுவனங்களை. ஆனால் ஃபோர்டின் தலைமையகம் டியர்பார்னில். கிரைஸ்லருடையது ஆபர்ன் ஹில்ஸில். ஜெனரல் மோட்டார்ஸ் மட்டுமே நகர எல்லைக்குள் இருந்தது. நிறுவனங்கள் மீண்டபோது ‘டெட்ராய்ட் மீண்டது’ என்று எழுதினார்கள். மூன்றாண்டுகளில் நகரம் திவாலானபோது வாசகர்கள் திகைத்தார்கள். நம் ஊர் இதழ்களிலும் இந்தப் பெயர் உருவமில்லாத ஒரு பெருமைச் சொல்லாக உலவியது. சென்னையை ‘இந்தியாவின் டெட்ராய்ட்’ என்று எழுதிய தமிழ்த் தலையங்கங்கள், அந்த ஒப்புமையின் மறுபாதியை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. மறைமலை நகரின் ஃபோர்டு ஆலை மூடப்படும் என்று 2021 செப்டம்பரில் அறிவிப்பு வந்தபோதுதான் சிலருக்கு உறைத்தது.

ஐந்நூறு டாலர் வீடு

இந்த ஆய்வில் நான் அதிகம் நின்று பார்க்க விரும்பும் இடம் இது. 2008 முதல் பல ஆண்டுகள் உலக இதழ்களின் வாழ்க்கைமுறைப் பக்கங்களில் ஒரு கட்டுரை வெவ்வேறு பெயர்களில் வந்துகொண்டே இருந்தது: டெட்ராய்ட்டில் ஐந்நூறு டாலருக்கு வீடு வாங்கிய ஓவியர், இசைக்கலைஞர், இளம் தம்பதி. ஒரு வீடு ஒரே ஒரு டாலருக்கு விற்றதும் செய்தியாயிற்று. விலை உண்மைதான். அந்த ஐந்நூறு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை.

மிச்சிகனில் 1999-இல் மாற்றப்பட்ட சட்டப்படி, மூன்றாண்டுகள் சொத்து வரி கட்டாத வீடு மாவட்டப் பொருளாளரின் கைக்குப் போகும். முதல் ஏலத்தில் போகாதது அந்த ஆண்டுகளில் இரண்டாம் ஏலத்தில் ஐந்நூறு டாலரில் தொடங்கியது. மாநில அரசியல் சட்டமோ, வரிக்காக வீட்டின் மதிப்பைச் சந்தை விலையில் பாதிக்கு மேல் போடக் கூடாது என்கிறது. 2008-க்குப் பின் வீட்டு விலைகள் அதலபாதாளத்துக்குப் போனபோது, மாநகராட்சி தன் மதிப்பீட்டுப் புத்தகத்தை அதற்கேற்பத் திருத்தவில்லை. இருபதாயிரம் டாலர் பெறாத வீட்டுக்கு அதைப்போல் பல மடங்கு மதிப்புப் போட்டு வரி கேட்டால், ஓய்வூதியத்தில் வாழும் ஒரு முதியவர் முதல் ஆண்டு கட்டுவார், இரண்டாம் ஆண்டு கடன் வாங்குவார், மூன்றாம் ஆண்டு வாசலில் மஞ்சள் பையில் நோட்டீஸ் தொங்கும். ஐந்நூறு டாலர் வீட்டின் கதையும் வீட்டை இழந்தவரின் கதையும் ஒரே பரிவர்த்தனையின் இரண்டு முனைகள். ஒரு முனை வண்ணப்படத்துடன் வந்தது.

மறுமுனையை எழுதியவர்கள் உள்ளூர்க்காரர்கள். 2015-இல் டெட்ராய்ட் நியூஸ், முந்தைய பத்தாண்டுகளில் நகரின் சொத்துகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்டவை அடமானக் கடனாலோ வரி பாக்கியாலோ பறிபோனதைக் கணக்கிட்டு வெளியிட்டது. 2020 ஜனவரியில் அதே நாளிதழ், 2010-க்கும் 2016-க்கும் இடையில் வீட்டு உரிமையாளர்களிடம் குறைந்தது 60 கோடி டாலர் அதிகப்படி வரி போடப்பட்டதை ஆவணங்களிலிருந்து நிறுவியது. இதில் புகைப்படம் எடுப்பதற்கு ஒன்றுமில்லை. மதிப்பீட்டுப் பதிவேட்டையும் விற்பனைப் பதிவேட்டையும் அருகருகே வைத்து வரிவரியாகப் பார்க்கும் வேலை. அதைச் செய்யத் தெரிந்த செய்தியாளருக்குப் பல மாதச் சம்பளம் கொடுக்க ஒரு நிறுவனம் வேண்டும்.

2016-இல் தொடங்கிய ‘அவுட்லையர் மீடியா’ இன்னும் சுருக்கமான வழியைப் பிடித்தது. குறுஞ்செய்தியில் ஒரு முகவரியை அனுப்பினால், அந்த வீட்டின் உரிமையாளர் யார், வரி பாக்கி இருக்கிறதா, ஏலத்துக்குப் போகும் ஆபத்தில் உள்ளதா என்று பதில் வரும். வாடகைக்குப் போகுமுன் ஒருவர் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் அவை. கட்டுரை பின்னால் வரும், வராமலும் போகும். முதலில் பதில்.

2013–14 குளிர்காலத்தில் சுமார் 150 பேர் கைக்கணினியுடன் காரில் தெருத்தெருவாகப் போய், நகரின் ஏறத்தாழ 3,80,000 மனைகளையும் ஒன்று விடாமல் படம் எடுத்துப் பதிவு செய்தார்கள். 84,641 இடங்கள் சிதிலமடைந்தவை அல்லது சிதிலத்தின் அறிகுறி உள்ளவை என்று 2014 மே மாதம் அறிக்கை வந்தது. எல்லாத் தலைப்பும் அந்த எண்ணை எடுத்துக்கொண்டது; எடுக்க வேண்டியதுதான். மீதி ஏறத்தாழ மூன்று லட்சம் இடங்கள் அப்படி இல்லை என்பதும் அதே கணக்கின் பகுதி. எவரும் காத்திருந்து கோணம் பார்க்காமல் டெட்ராய்ட் முழுவதையும் ஒரே சீராகப் படம் எடுத்தது அந்த ஒரு முறைதான் என்று நினைக்கிறேன்.

திவாலும் அதன் பிறகும்

2013 ஜூலை 18 அன்று மாநகராட்சி சுமார் 1,800 கோடி டாலர் கடனுடன் திவால் மனு கொடுத்தது. அமெரிக்க நகராட்சி ஒன்றின் மிகப் பெரிய திவால் அதுவே. அன்று மாலையே தொலைக்காட்சி விவாதங்கள் தயாராக இருந்தன. ஒரு தரப்புக்குத் தொழிற்சங்கமும் ஓய்வூதியமும் குற்றவாளிகள். மறுதரப்புக்கு இனப் பாகுபாடும் புறநகரும். இரண்டிலும் உண்மை உண்டு. இரண்டு தரப்பும் கணக்கைத் திறக்கவில்லை.

ஃப்ரீ பிரஸ் திறந்தது. செப்டம்பர் 15 அன்று, ஐம்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட நகராட்சி நிதி ஆவணங்களைத் தோண்டி எடுத்து அது வெளியிட்ட நீண்ட ஆய்வு, இரு தரப்புக்கும் பிடிக்காத விஷயங்களைச் சொன்னது. புறநகர்க்காரர்கள் சீரழித்தவர் என்று திட்டிய கோல்மன் யங், ஆள் குறைத்துச் சிக்கனமாகக் கணக்கை நடத்திய மேயர்களில் முதல் வரிசையில் இருந்தார். ஓய்வூதிய நிதியோ, நல்ல ஆண்டுகளில் ‘பதின்மூன்றாம் காசோலை’ என்ற பெயரில் உபரியைப் பங்கிட்டுக் கொடுத்து, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நூறு கோடி டாலரை நெருங்கும் தொகையைக் கரைத்திருந்தது. சொத்துகளின் மதிப்பு, பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால், 1950-களின் இறுதியில் இருந்ததில் கால் பங்குகூடத் தேறவில்லை. இந்த வீழ்ச்சியைத் தவிர்த்திருக்க முடியும் என்று நினைக்கப் பல இடங்கள் அந்த ஆவணங்களில் இருந்தன. இதை வாசித்த பிறகு பழைய விவாதத்துக்குத் திரும்புவது கடினம். இருந்தும் பலர் திரும்பினார்கள்.

உலக இதழ்களின் கவனம் அதற்குள் கலைக்கூடத்துக்குப் போயிருந்தது. டெட்ராய்ட் கலை நிலையத்தில் மாநகராட்சிக்குச் சொந்தமான வான் கோ ஓவியம் ஏலத்துக்குப் போகுமா என்ற கேள்வி, பல்லாயிரம் ஓய்வூதியதாரர்களின் மாதப் பணம் என்ன ஆகும் என்ற கேள்வியைவிட எளிதாக ஏறிற்று. அறக்கட்டளைகளும் மாநில அரசும் சேர்ந்து 81.6 கோடி டாலர் திரட்ட, ஓவியங்கள் தப்பின. பொது ஊழியர்களின் ஓய்வூதியம் 4.5 சதவீதம் வெட்டப்பட்டு, விலைவாசிக்கேற்ற உயர்வும் நின்றது. ‘மாபெரும் பேரம்’ என்று அதற்குப் பெயர் வந்தது, அந்த 4.5 எந்தத் தலைப்பிலும் பெரிய எழுத்தில் வந்ததாக எனக்கு நினைவில்லை.

2014 டிசம்பரில் திவால் முடிந்ததும் ‘மீட்சி’ தொடங்கியது. இடிபாட்டுக் கட்டுரையைப் போலவே இதற்கும் ஒரு சுற்றுப்பாதை உண்டு. இம்முறை நகரின் நடுப்பகுதி. சுமார் 139 சதுர மைல் நகரத்தில், மீட்சிக் கட்டுரைகள் சுற்றிவந்தது ஏழு சதுர மைலை. ஆனாலும் உண்மையான மாற்றமும் நடந்தது. 1988 முதல் மூடிக் கிடந்த மிச்சிகன் சென்ட்ரல் நிலையத்தை 2018-இல் ஃபோர்டு வாங்கியது. வாங்கிய சில நாள்களில், பல ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து எடுத்துச் சென்ற பெரிய கடிகாரத்தைத் திருப்பித் தருவதாகப் பேர் சொல்லாத ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். சொன்ன இடத்தில், ஒரு காலிக் கட்டடத்தின் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது கடிகாரம். திருடியவரா, காப்பாற்றியவரா என்று எந்தச் செய்தியாளரும் தீர்த்துச் சொல்லவில்லை. 2024 ஜூனில் நிலையம் திறக்கப்பட்டது. அதற்குச் சில வாரங்களுக்கு முன், 2023-இல் நகரில் 1,852 பேர் கூடியதாகக் கணக்கெடுப்புத் துறை மதிப்பிட்டது; 1957-க்குப் பின் முதல் உயர்வு என்று எல்லா இதழ்களும் எழுதின. 1957-இலிருந்து என்று அன்றைக்காவது எழுதினார்கள்.

பாக்கார்ட் ஆலையை இடிக்கும் பணி 2022-இல் தொடங்கி 2024-இல் முடிந்தது. அதை வடிவமைத்த அதே ஆல்பர்ட் கான் 1925-இல் நகர மையத்தில் இன்னொரு கட்டடமும் கட்டினார். ஃப்ரீ பிரஸ் நாளிதழின் அலுவலகம் அது. 1998-இல் நாளிதழ் காலி செய்துவிட்டுப் போன பிறகு இருபது ஆண்டுகள் கதவு அடைத்துக் கிடந்தது; இடிபாடு தேடி வந்த புகைப்படக்காரர்கள் சுவரேறி அதற்குள்ளும் போனார்கள். இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள் வாடகைக்குக் கிடைக்கின்றன.